மொட்டை மாடி ஒழுகுகிறதா? கசிவைக் கண்டுபிடித்து அடைத்த அனுபவங்களைப் பகிருங்கள்

மதுரையிலிருந்து:

ஐப்பசி அடைமழையில் எங்கள் கூடத்து மேற்கூரையில், மின்விசிறிக் கொக்கியை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் அது பாய் அகலம் ஆகிவிட்டது. பெயின்ட் கடையில் உள்பக்கம் பூச ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். எங்கள் கொத்தனார் அதைத் திறக்கவே விடவில்லை. "தண்ணீர் மேலே இருந்து வருகிறது ஐயா. கீழே அடைத்தால் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்றுவிடும்" என்றார். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பழைய வீடுகளில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவது அப்படித்தான்.

மாடிக்குப் போனால், கொக்கிக்கு நேர் மேலே ஒரு பழுதும் இல்லை. வெகுதூரம் தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒரு மயிரிழை விரிசல். கான்கிரீட் தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். செங்கல் சுவர் அதே அளவுக்கு அசையாது. அதனால் பிளவு முதலில் அந்த மூலையில்தான் விழும். அதில் இறங்கிய மழைநீர், மேலே பதித்திருக்கும் தட்டோட்டுக்கு (தட்டையான சுட்ட ஓடு) அடியில் ஓடி, தளத்தில் புதைத்த மின்கம்பிக் குழாயைப் பிடித்துக்கொண்டு கொக்கி வழியாகச் சொட்டியிருக்கிறது. ஈரம் தெரியும் இடத்தை மட்டும் கொத்திப் பூசுகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மூலையை V வடிவில் கொத்தி, பாலிமர் கலந்த சிமென்ட் சாந்தால் அடைத்தார். பிறகு அந்த மூலை முழுவதும் சாந்தை முக்கோணமாக அணைத்து, அதன்மேல் கண்ணாடியிழை வலை வைத்து இரண்டு கை நீர்த்தடுப்புப் பூச்சு. பூச்சு தளத்தோடு நிற்காமல் சுவரில் ஓர் அடி உயரம் ஏறியது. தட்டோட்டு இடுக்குகளையும் சுரண்டி நிரப்பினார். எல்லாம் முடிந்ததும் வடிகுழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தார். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாருக்கும் முழுக் கூலியையும் கொடுத்துவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் சிறு செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட கூரை. அந்தக் கலவையைக் கொட்டிவிட்டுப் போய்விட மாட்டார்கள். வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள்; கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை மேலே துள்ளும் அளவுக்குக் கெட்டிப்பட்ட பிறகுதான் தட்டோடு பதிப்பது.

இடையில் ஒருவர் "சிமென்ட் போட்டால் காலத்துக்கும் கவலையில்லை" என்று சொல்லி, மேலே கனமாகப் பூசிவிட்டுப் போனார். இரண்டு கோடை தாங்கவில்லை, பாளம் பாளமாக வெடித்தது. மர உத்தரத்தோடு மெல்ல அசைகிற கூரைக்கு விறைப்பான சிமென்ட் பொருந்தாது. சுண்ணாம்பு கொஞ்சம் நெகிழும். சிறு விரிசலில் நீர் இறங்கினால் சுண்ணாம்பு கரைந்து படிந்து தானே அடைத்துக்கொள்ளும். சிமென்ட்டை முழுவதும் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்பினோம். வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அவர்களுடைய கைவேலை அத்தனை அருமையானது.

சென்னையிலிருந்து:

அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லை என்றால் அது மழைநீர் இல்லை. எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரை அப்படித்தான் இருந்தது. மேல்வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை. பிறகு அவரே மனமுவந்து தரையை உடைக்கச் சம்மதித்தார்.

உடைத்துப் பார்த்தால், தாழ்வாகப் போட்ட தளத்தின் பள்ளத்தைக் கட்டுமானக் கழிவால் நிரப்பியிருக்கிறார்கள். நீர்த்தடுப்புப் பூச்சு இல்லை, அடியில் சேரும் நீர் வெளியேற ஒரு குழாயும் இல்லை. தரையில் நீர் இறங்கும் வாயைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடைவெளி. குளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அன்றாடம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, எங்கள் தலைக்கு மேல் ஒரு தொட்டியாகவே நின்றிருக்கிறது. பள்ளத்தின் அடியிலும் நான்கு பக்கமும் பூச்சு கொடுத்து, குழாய் சேரும் இடங்களைத் தனியாக அடைத்து, நீர் கட்டிச் சோதித்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டினோம். செலவை இரு வீட்டாரும் பகிர்ந்துகொண்டோம்.

நாகப்பட்டினத்திலிருந்து:

எங்களுக்கு மேலே இல்லை, கீழே தொல்லை. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் (மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்) ஏறி, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறது. அடித்தளத்துக்கு மேல் ஓதத் தடுப்பு அடுக்குப் போடாமலே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உள்பக்கம் சிமென்ட் பூசினோம். ஓதம் அதையும் தாண்டி இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. சுவரில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தும் முறையைச் சொல்கிறார்கள். கடலோரத்தில், உவர்மண்ணில் அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஒரு மழைக்காலமாவது தாண்டியவர்கள் சொன்னால் நல்லது.