30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஆர்ஓபி கண் பரிசோதனை: 40 நாள் கழித்துப் போகலாமா?

தர்மபுரி_அப்பா

முதல் குழந்தை, பெண். 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், எடை 1 கிலோ 340. என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) 22 நாள் இருந்துவிட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'ஆர்ஓபி ஸ்கிரீனிங்' என்று இருக்கிறது, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்க்கான கண் பரிசோதனையாம், தேதி போடவில்லை, வாயால் யாரும் சொல்லவும் இல்லை, நானும் பில் கட்டுகிற பரபரப்பில் கேட்காமல் வந்துவிட்டேன். இன்று 26ஆம் நாள். அம்மாவோ, 40 நாள் ஆகாமல் பச்சைப் பிள்ளையை வாசப்படி தாண்ட விடமாட்டேன், அதிலும் கண்ணில் மருந்தா என்கிறார். விளக்கைக் கண்டால் கண்ணைச் சுருக்குகிறாள், ஆக்சிஜனும் 4 நாள்தான் வைத்தார்கள். 40 கழிந்து போனால் போதாதா? ரொம்ப வலிக்குமா?

இரட்டையர்_அம்மா

தம்பி, 40 வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள் நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்னால் பிறந்ததோ 1200 கிராமுக்குக் குறைவாக இருந்ததோ என்றால் 2, 3 வாரத்திலேயே பார்த்துவிடுவார்கள். உங்கள் கையில் இருப்பது நாலு நாள்.

என் பையன்கள் 29 வாரம். மூத்தவனுக்கு ஒன்றுமே இல்லை. இளையவனுக்கு முதல் இரண்டு தடவையும் 'பார்ப்போம்' என்றார்கள், மூன்றாவது தடவை போனபோது மறுநாளே லேசர். டார்ச் அடித்தால் இரண்டு பேருமே கண்ணை இறுக்கிக்கொண்டவர்கள்தான், அதனால் வெளியிலிருந்து பார்த்து நாம் எதையும் சொல்ல முடியாது.

வலி என்று கேட்டீர்கள். பொய் சொல்ல மாட்டேன், அழும். கண்ணின் கருமணிப் பாப்பா விரிய முதலில் சொட்டு மருந்து விடுவார்கள், கொஞ்ச நேரம் விட்டு இரண்டு மூன்று தடவை. அதில் கண்ணைச் சுற்றித் தோல் சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கும், நான் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன், சொட்டு மருந்தால் வருவது, தானாகப் போய்விடும் என்றார். அப்புறம் மரத்துப்போக ஒரு சொட்டு, துண்டில் இறுக்கிச் சுற்றி, இமை மூடாமலிருக்க சின்னக் கம்பிக் கிளிப். அதைப் பார்க்க நமக்குத்தான் தாங்காது. சில நிமிடம்தான். பால் ஒரு மணி நேரம் முன்னாடியே கொடுத்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகிற அழுகையில் கக்கிவிடும்.

சும்மா_படிப்பவன்

என் அக்கா பையன் 34 வாரம் முடிந்து பிறந்தான், 2 கிலோ 100. நாங்கள் எங்கேயும் போகவில்லை, இப்போது யூகேஜி, கண்ணாடிகூட இல்லை. சும்மா பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள் சகோ.

கண்_வார்டு_நர்ஸ்

மேலே சொன்னவருக்கு: உங்கள் அக்கா பையன் வரம்புக்கு வெளியே இருந்தான், அவ்வளவுதான். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒன்றரைக் கிலோதான் வரம்பு, ஆனால் இங்கே அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருகிறது.

தர்மபுரி அண்ணா, ஆக்சிஜன் ஒரு காரணம்தான், அதுவே முழுக் காரணம் இல்லை. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வேர் போல வளர்ந்து, பத்து மாதம் நிறையும்போதுதான் கடைசி ஓரத்தைத் தொடும். குறைமாதத்தில் பிறந்தால் பாதியில் நின்றுவிடும், சில குழந்தைகளுக்குப் பிறகு தாறுமாறாகக் கிளைத்து, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். பிய்ந்த பிறகு ஆபரேஷன் செய்தாலும் பார்வை பெரிதாகத் திரும்பாது. சரியான சமயத்தில் பிடித்தால் லேசரோ ஊசியோ போதும், ஆனால் அந்தச் சமயம் என்பது இரண்டு மூன்று நாள்தான். 1996-ல் சென்னை அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் 1250 கிராமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதைப் பார்க்காமல் விட்டு இரண்டு கண்ணும் போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்ய, சொல்லுங்கள்.

செலவு யோசனை என்றால், அரசின் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் இது இருக்கிறது, உங்கள் மாவட்டத்தில் அதற்கான டிஈஐசி என்ற ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்தில் கேளுங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டே போங்கள், டாக்டரே சொல்லட்டும்.

தர்மபுரி_அப்பா

நேற்று சேலம் போய்வந்தோம், 28ஆம் நாள். அம்மாவும் வந்தார், உள்ளே குழந்தை அழ, வெளியே பெஞ்சில் இவர் அழ. கண்ணைச் சுற்றி வெளுத்ததும் சொன்ன மாதிரியே இருந்தது, அதனால் நான் பதறவில்லை. ரத்தக்குழாய் இன்னும் ஓரத்துக்கு வரவில்லையாம், முதல் நிலை, இப்போதைக்கு வைத்தியம் வேண்டாம், இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லி இந்த முறை டாக்டரே தேதி எழுதிக் கொடுத்தார். 12ஆம் தேதி.

இரட்டையர்_அம்மா

நல்லது தம்பி. அந்த 12ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள், முதல் தடவை போய்விட்டு 'ஒன்றும் இல்லை' என்று நின்றுவிடுகிறவர்கள் நிறைய. ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர்கள் வாயால் சொல்கிற வரைக்கும் போகணும். இன்னொரு துண்டும் எடுத்துப் போங்கள், எங்களுக்கு ஒன்று போதவே இல்லை.