கொரிய வயதுக் கணக்கு: நேரில் எதிர்ப்படும் குழப்பங்கள்

சியோல்வாசி:
2023 ஜூன் 28 முதல் கொரியர்களுக்கு ஒரு வயதோ இரண்டு வயதோ குறைந்துவிட்டது என்று பலரும் படித்திருப்பீர்கள். அன்று நடைமுறைக்கு வந்தது ஒரு விதிதான்: ஒப்பந்தத்திலோ அரசுத் தாளிலோ வேறு மாதிரி சொல்லாதவரை, வயது என்றால் நிறைந்த வயது. கொரிய மொழியில் 'மன் நாஇ'. பிறக்கும்போதே ஒன்று, பிறகு ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் ஒன்று கூடும் என்பது பழைய கணக்கான 'செனுன் நாஇ'. வீட்டிலும் உறவிலும் அது இன்னும் புழங்குகிறது.

2004 நவம்பர் 15 அன்று பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 1 அன்று அவருக்கு மன் நாஇ 20. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் 21; இது 'யோன் நாஇ'. அதோடு ஒன்று கூட்டினால் 22. இதுதான் பாரம்பரிய வயது. பாட்டி சொன்ன வயதைப் படிவத்தில் எழுத வேண்டுமானால், இந்த ஆண்டுப் பிறந்தநாள் முடிந்திருந்தால் 1 கழியுங்கள், முடியாவிட்டால் 2. பலர் எப்போதும் 1 மட்டுமே கழித்துவிடுகிறார்கள், தப்பு அங்கேதான்.

மொழிப்பாடம்:
கருவில் இருந்த மாதங்களைச் சேர்ப்பதால்தான் பிறக்கும்போதே ஒன்று என்ற விளக்கம் எங்கும் கேட்கும். எனக்கு அது போதவில்லை, ஜனவரி 1 அன்று எல்லாருக்கும் ஏன் ஒன்று கூடுகிறது என்பதை அது சொல்லாது. 'குழந்தைக்கு முதல் வருஷம் நடக்கிறது' என்று நாம் சொல்வதுபோல் எத்தனையாவது ஆண்டு என்று எண்ணினால் இரண்டும் விளங்கும். டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு. கொரிய மொழியில் வயது கூடுவதை வயதை 'உண்பது' என்பார்கள். புத்தாண்டில் அரிசிக்கேக் சூப்பான தொக்குக் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது.

பேச்சில் வயது முக்கியமாவதற்குக் காரணம் முறைச்சொல். ஆண் தன் அண்ணனை ஹ்யோங் என்பார், பெண் ஓப்பா என்பார். அக்காவுக்கு முறையே நூனா, ஓன்னி. வயதுக்கு எண் கேட்பதைவிட எந்த ஆண்டு பிறந்தவர் என்று கேளுங்கள், எந்தக் கணக்கு என்ற சந்தேகமே வராது. பெரியவர்களிடம் 'நாஇ' என்று கேட்கக் கூடாது. 'யோன்செ' என்பதுதான் மரியாதை.

புசான்காற்று:
பிறந்த ஆண்டு தெரிந்தாலும் சிக்கல் தீராத ஒரு கூட்டம் உண்டு. முன்பு பள்ளி வகுப்பு மார்ச் முதல் பிப்ரவரி வரை பிறந்தவர்களைச் சேர்த்தது. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் முந்தைய ஆண்டுக்காரர்களோடு படித்தார்கள். 2003-இல் பிறந்தவர்களிலிருந்து அது இல்லை. ஆனால் அதற்கு மூத்தவர்களிடம் எந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கும். வகுப்புத் தோழனைத் திடீரென்று அண்ணன் என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது.

சியோல்வாசி:
புதிய சட்டம் தொடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மது, சிகரெட் வாங்க யோன் நாஇ. 2025-இல் 2006-இல் பிறந்த எல்லாரும் ஜனவரி 1 முதலே வாங்கலாம், டிசம்பரில் பிறந்து மன் நாஇ 18 ஆனவரும்கூட. ராணுவச் சேவையும் அப்படித்தான். காப்பீட்டுக்கு இன்னொரு கணக்கு: கடைசிப் பிறந்தநாளிலிருந்து ஆறு மாதம் கடந்தால் ஒன்று கூடும். மேலே சொன்ன 2004 ஆளுக்கு அதே நாளில் காப்பீட்டு வயது 21.

மருந்தகம்:
குழந்தைக்கு மருந்தளவு பார்க்கும்போது பாட்டி சொல்லும் வயதை அப்படியே எடுக்கவே கூடாது. ஐந்து என்று சொன்ன குழந்தைக்கு நிறைந்த வயது மூன்றாகவும் இருக்கலாம். பிறந்த தேதியையும் எடையையும் கேளுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மாதக் கணக்கில் வயது சொல்லச் சட்டமே இடம் தருகிறது.

மொழிப்பாடம்:
ஹ்வான்கப் விழா அழைப்பில் 61 என்று கேட்டால் திகைக்காதீர்கள். அது பாரம்பரிய எண். நிறைவது நம் அறுபதாம் கல்யாணம் போலவே 60. ஆனால் எழுபதாவது விழாவான சில்சுன் பாரம்பரிய 70-இல் வரும், அதாவது 69 நிறைந்தபோதே. மிக மூத்தவர்களின் பதிவில் சந்திர நாட்காட்டித் தேதி இருப்பதும் உண்டு. விழா நாளைக் குறிக்குமுன் அது சூரியத் தேதியா சந்திரத் தேதியா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.