புதுப்பிப்பு: ஆகஸ்ட்ல இலங்கை போலாமான்னு கேட்டிருந்தேனே, போயிட்டு வந்தாச்சு

அம்மாவையும் பசங்களையும் கூட்டிட்டு ஆகஸ்ட்ல போனா மழைல மாட்டிப்போமான்னு கேட்டிருந்தேன், பாதி பேரு வேணாம்னீங்க, ஒரு அக்கா மட்டும் கிழக்குப் பக்கம் போப்பான்னு சொன்னாங்க, அக்கா உங்களுக்கு ரொம்ப நன்றி. மே டூ செப்டம்பர் தென்மேற்கு மழை, அப்போ தெற்குக் கடற்கரைல இருக்குற காலி, மிரிஸ்ஸ ஊருங்க பக்கம்தான் கடல் கொந்தளிப்பு, கிழக்குல திருகோணமலை நிலாவெளி பீச்ல கடல் நம்ம கிருஷ்ணகிரி டேம் தண்ணி மாதிரி அமைதியா கெடந்துச்சு. டிசம்பர், ஜனவரில போறவங்க அப்படியே மாத்தி பிளான் பண்ணுங்க, அப்போ கிழக்குலதான் மழை.

வெயிலு சாஸ்தி. திருகோணமலை கோணேஸ்வரம் கோயிலுக்கு மத்தியானம் போயி அம்மாவுக்கு தலை சுத்திருச்சு, வயசானவங்கள காலைலயே கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ்.

யாழ்ப்பாணம் நல்லூர் கோயில்ல ஆம்பளைங்க சட்டை கழட்டணும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, அங்க அது பெரிய தப்பு.

ஈடிஏவ (இலங்கைக்குள்ள போக ஆன்லைன்ல வாங்குற அனுமதி) அரசாங்க சைட்லயே போடுங்க, நான் அவசரத்துல வேற ஏதோ சைட்ல போட்டு கூடுதலா காசு கட்டிட்டேன். சதுர மூணு பின் அடாப்டர் ஒண்ணு எடுத்துக்கோங்க. அப்புறம் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு, ஓசூர் டிராஃபிக்க நெனச்சு வழக்கத்த விட ரெண்டு மணி நேரம் முன்னாடியே கெளம்பிடுங்க.