200 மணி நேரப் பயிற்சி ஏன் இரண்டு வருடம் இழுக்கிறது? பைலட் பள்ளியில் சேரும் முன் எதைப் பார்ப்பது?

காற்றுப்பை கேட்டது:

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் படிக்க இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 200 மணி நேரக் கணக்குதான். செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்கி, கடைசியில் இரட்டை எஞ்சின் விமானம். விளம்பரத்தில் 12 மாதம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் படிப்பில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டால், ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம் என்று தெரிகிறது.

தாமதம் எங்கிருந்து வருகிறது, சேருவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டினால் சலுகை தருகிறார்கள், கட்டலாமா? அப்புறம், ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறக்கும் முதல் சோலோவுக்கு முன்னால் நிறையப் பேர் லேண்டிங்கிலேயே தேங்கி நிற்கிறார்களாமே, அது எதனால்? ஹாஸ்டல், சீருடை, கேன்டீன் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

---

கிழக்குக்காற்று பதில்:

எத்தனை மாதம் ஆகும் என்று பள்ளியைக் கேட்காதீர்கள். கணக்கை நீங்களே போடலாம். இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருக்கும் விமானம் எத்தனை, பறக்கும் கட்டத்தில் இருக்கும் மாணவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண் போதும்.

ஒரு 172 நல்ல நாளில் நாலு சார்ட்டி, அதாவது நாலு பறப்பு, போகும். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி என்று வையுங்கள், நாளுக்கு 5 மணி. மழை, மூடுபனி, பக்கக்காற்று, பராமரிப்பு எல்லாம் போக மாதத்தில் 15 நாள் முழுதாகக் கிடைத்தால் 75 மணி. அதை 5 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 15 மணி, 200 மணிக்குப் பதிமூன்று, பதினாலு மாதம். 10 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழரை மணி, 27 மாதம் ஓடிவிடும். இதில் யாருடைய திறமைக் குறைவும் இல்லை, வெறும் வகுத்தல்தான்.

இணையதளத்தில் 12 விமானம் என்று இருக்கும். நேரில் போய் எண்ணுங்கள். எஞ்சின் கழற்றி நிற்பது, உதிரி பாகத்துக்குக் காத்திருப்பது, தூசி படிந்து டயர் இறங்கி நிற்பது, மூன்றையும் கழியுங்கள். பிறகு ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: ஒவ்வொரு விமானத்திலும் எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, பத்து நாள் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பள்ளி உண்மையில் பறந்த நேரம். மீட்டரைப் பார்க்க விடமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பலர் கேட்க மறப்பது விமான நிலையத்தைப் பற்றி. நெரிசல் இல்லாத ஓடுபாதையில் ஒரு சர்க்யூட் (ஏறி, ஒரு சுற்று வந்து இறங்குவது) ஆறேழு நிமிடம், ஒரு மணி நேரத்தில் எட்டு லேண்டிங் வரும். பயணிகள் விமானம் வந்து போகும் இடத்தில் டவுன்விண்டை (ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும் பகுதியை) நீட்டு, ஆர்பிட் (வட்டம்) போடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நாலு வந்தால் பெரிது. ஓடுபாதைக்குள் நுழையும் முன் நிற்கும் ஹோல்டிங் பாயின்ட்டில் கால் மணி நேரம் காத்திருந்தாலும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதே காசுக்குப் பாதி லேண்டிங். இரவில் ஓடுபாதை விளக்கு உண்டா, டவர் எத்தனை மணிவரை என்பதையும் கேளுங்கள். இரவுப் பறப்பு ஐந்து மணி நேரம்தானே என்று தோன்றும், விளக்கு இல்லாத இடத்தில் அந்த ஐந்துக்காக வேறு ஊர் போய்க் காத்துக் கிடக்க வேண்டி வரும்.

---

ஹாங்கர் ஓரம் பதில்:

மேலே போட்ட கணக்கில் பராமரிப்பை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அங்கேதான் பாதித் தாமதம்.

50 மணிக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். 100 மணிக்கு ஒருமுறை பெரிய ஆய்வு. நாளுக்கு 5 மணி பறந்தால் 20 பறக்கும் நாளில் ஒரு 100 மணி ஆய்வு வந்து நிற்கும். சொந்த இன்ஜினியர்களும் பாகங்களும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் வெளியே வரும். வெளியிலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் இரண்டு வாரம்கூட ஆகும். 172-இல் இருக்கும் லைகமிங் ஐஓ-360 எஞ்சினுக்கு 2000 மணியில் ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது. எல்லா விமானமும் ஒரே சமயத்தில் வாங்கியவை என்றால் எல்லா எஞ்சினும் ஒரே சமயத்தில் அந்த எல்லையைத் தொடும். ஒவ்வொன்றுக்கும் ஓவர்ஹாலுக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி, மாற்று எஞ்சின் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

திட்டமில்லாமல் விமானம் நிற்பதற்கு முக்கியக் காரணம் மாணவர் லேண்டிங். மூக்குச் சக்கரம் முதலில் இடித்தால் 172-இல் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) நெளியக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது, எஞ்சின் மூடியான கவுலிங்கைக் கழற்றினால்தான் தெரியும். புரொப்பெல்லர் தரையில் பட்டுவிட்டால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் ஹார்ட் லேண்டிங் ஆனால் மறைக்காமல் விமானத்தின் பதிவேடான டெக் லாகில் எழுதுங்கள். எழுதினால் திட்டு விழும் என்ற பயம் ஒரு பள்ளியில் இருந்தால், அடுத்து அதே விமானத்தில் ஏறப்போவது நீங்களாகவும் இருக்கலாம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ரன்-அப்பில் (புறப்படும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில்) மேக்னெட்டோ டிராப் அதிகம் என்று சார்ட்டி ரத்தாவது. பிளக்குக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவில் ஒன்றை அணைக்கும்போது எஞ்சின் சுற்று குறைவதுதான் டிராப். 172எஸ் மாடலில் 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்றில்) வைத்துப் பார்க்கும்போது டிராப் 150-ஐத் தாண்டக் கூடாது, இரண்டு மேக்னெட்டோவுக்கும் இடையில் 50-க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. பல சமயம் குற்றம் மேக்னெட்டோவில் இல்லை. முழு ரிச் மிக்ஸ்ச்சரில் (எரிபொருள் மிகுந்த கலவையில்) நீண்ட நேரம் டாக்ஸி செய்ததால், அதாவது தரையில் ஓட்டியதால், பிளக்கில் ஈயப் படிவு சேர்ந்திருக்கும். தரையில் லீன் செய்து (எரிபொருளைக் குறைத்து) டாக்ஸி செய்யும் பழக்கம் உள்ள பள்ளியில் இந்தத் தொல்லை குறைவு.

---

வலப்பக்க இருக்கை பதில்:

லேண்டிங் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

தேங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் லேண்டிங்கில் தேங்கவில்லை, ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும் அப்ரோச்சில் தேங்குகிறார்கள். ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதியில்) வேகம் ஒருதரம் 75 நாட், ஒருதரம் 60 நாட் என்று ஆடினால், ஃப்ளேர் (தரை தொடும் முன் மூக்கை உயர்த்துவது) ஒவ்வொரு முறையும் புதுப் பாடம். வேகம் கூடுதலாக இருந்தால் மிதந்துகொண்டே போகும். குறைவாக இருந்தால் இழுத்ததும் தொப்பென்று விழும். 172-இல் முழு ஃப்ளாப்போடு (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) 65 நாட் என்றால் ஒவ்வொரு முறையும் 65 நாட். அதற்கு வழி ட்ரிம், அதாவது கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானம் அந்த வேகத்தில் நிற்கும்படி சரிசெய்வது. கண்ட்ரோலை இறுக்கிப் பிடித்து வேகத்தைக் காப்பாற்றுகிறவருக்கு வெளியே பார்க்க மனம் மிச்சம் இருக்காது. இரண்டு விரலில் பிடித்துப் பறக்கும் அளவுக்கு ட்ரிம் ஆகியிருக்க வேண்டும்.

கண்ணாடியில் ரன்வே எண் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். மேலே ஏறினால் நீங்கள் முன்னாலேயே இறங்கப் போகிறீர்கள், கீழே நழுவினால் தாண்டிப் போகப் போகிறீர்கள். மூன்று டிகிரிச் சரிவுக்கு இறங்கு வேகம் என்ன வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 65 நாட்டுக்கு நிமிடத்துக்கு 325 அடி.

ஃப்ளேரில் செய்யும் தவறு பெரும்பாலும் கண்ணில்தான் இருக்கிறது. மூக்குக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்த்தால் அது விரைந்து வருவது போலத் தோன்றி, சீக்கிரமே இழுத்துவிடுவீர்கள். விமானம் பலூன் போல மேலே எழும். பார்வையை ரன்வேயின் மறுமுனைக்குக் கொண்டுபோங்கள், உயரம் ஓரக்கண்ணில் தானாகத் தெரியும். பலூன் சின்னதாக இருந்தால் மூக்கை அப்படியே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து மறுபடி இறங்கவிடலாம். பெரிதாக இருந்தால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது: முழு பவர், வலது ரடர், ஃப்ளாப்பை முதலில் 20 டிகிரிக்கு மட்டும், பிறகு ஏறத் தொடங்கியதும் மீதி. துள்ளிய விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்குவதை மட்டும் செய்யக் கூடாது. மேலே நண்பர் சொன்ன ஃபயர்வால் நெளிவது அப்படித்தான்.

பக்கக்காற்றை மனக்கணக்காகப் போடப் பழகுங்கள். காற்று ரன்வேக்கு 30 டிகிரியில் வந்தால் பாதி, 45-இல் பத்துக்கு ஏழு, 60-இல் பத்துக்கு ஒன்பது. 172-இல் சோதனைப் பறப்பில் செய்து காட்டப்பட்ட பக்கக்காற்று அளவு 15 நாட். சோலோ மாணவருக்குப் பள்ளி வைக்கும் எல்லை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் இடைவெளி. சோலோவுக்கு முந்தைய கட்டத்தில் பத்து நாள் பறக்காமல் வந்தால், அடுத்த சார்ட்டியில் பாதி பழையதை மீட்கவே போய்விடும். வாரத்துக்கு ஒன்று வீதம் பத்து வாரம் பறப்பவரைவிட, அதே பத்து சார்ட்டியை மூன்று வாரத்தில் பறப்பவர் வெகுவாக முன்னே போய்விடுவார். இன்ஸ்ட்ரக்டர் மாறுவதும் இதே மாதிரி. புதியவர் உங்களை எடை போடவே இரண்டு மூன்று சார்ட்டி ஆகும். ஒவ்வொரு பறப்புக்கும் எழுத்தில் டீபிரீஃப் (பறப்புக்குப் பிந்தைய அலசல்) குறிப்பு வைக்கிற பள்ளியில் இந்தச் சேதம் குறையும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். "நன்று", "பயிற்சி தேவை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் சடங்கு.

---

காற்றுப்பை:

எல்லோருக்கும் நன்றி. ஹாப்ஸ் மீட்டர், டாக்கோ மீட்டர் என்று இரண்டு சொல்கிறார்களே, கட்டணம் எதன்படி? சலுகைக் கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

---

கிழக்குக்காற்று பதில்:

ஹாப்ஸ் கடிகாரம் போல ஓடும், பெரும்பாலும் எஞ்சின் ஆயில் அழுத்தம் வந்ததும் தொடங்கும். டாக்கோ எஞ்சின் சுற்றைப் பொறுத்தது. க்ரூஸ் ஆர்பிஎம்மில்தான் ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம், டாக்ஸியில் மெதுவாக ஓடும். ஆகவே ஒரே சார்ட்டிக்கு டாக்கோ குறைவாகத்தான் காட்டும். பராமரிப்புக் கணக்குக்குப் பல இடங்களில் டாக்கோ, உங்களிடம் வாங்கும் பணத்துக்கு ஹாப்ஸ். லாக்புக்கில் எழுதும் நேரமோ இரண்டும் இல்லை: பறப்பதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, பறப்பு முடிந்து நிற்கும்வரை. ஒப்பந்தத்தில் "200 மணி" என்றால் எந்த மணி என்று எழுதச் சொல்லுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே கழியும் நேரம் ஒவ்வொரு சார்ட்டியிலும் சில நிமிடம். 150 சார்ட்டிக்குப் பெருக்கிப் பாருங்கள்.

முழுக் கட்டணம் கட்டாதீர்கள். எவ்வளவு சலுகை தந்தாலும். பணம் கைக்கு வந்த பிறகு உங்களைப் பறக்கவைக்க அவர்களுக்கு அவசரம் இல்லை. தவணை கட்டுகிறவர் அட்டவணையில் முதலில் வருவார், இது எழுதப்படாத விதி. தவணையைத் தேதியோடு கட்டாமல் மணி நேரத்தோடு கட்டுங்கள்: முதல் சோலோ, 50 மணி, 100 மணி, இரட்டை எஞ்சின் தொடக்கம் என்று. திருப்பிக் கொடுக்கும் விதி, எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில், லேண்டிங் கட்டணம், தேர்வாளர் கட்டணம், செக் ரைடில் (பறப்புத் தேர்வில்) தவறினால் கூடுதல் மணிக்கு என்ன விலை, இவை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை பயன்படாது.

---

பக்கம் 1 பதில்:

யாரும் விரிவாகச் சொல்லாத ஒன்று, பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு கமர்ஷியல் லைசென்ஸுக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 200 மணி, அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150. அதற்குள் பைலட்-இன்-கமாண்டாக (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக) 100, ஒருங்கிணைந்த பயிற்சியில் 70. அதில் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது) 20 மணி, அந்த 20-க்குள் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நிற்கும் 540 கிலோமீட்டர் பறப்பு ஒன்று. கருவிப் பறப்புப் பயிற்சி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது) 10 மணி, அதில் 5-க்கு மேல் சிமுலேட்டர் போன்ற தரைச் சாதனத்தில் காட்ட முடியாது. உங்கள் நாட்டு விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். லைசென்ஸ் எந்த நாட்டில் வாங்கப் போகிறீர்களோ அந்த விதியை அச்செடுத்து, லாக்புக்கின் ஒவ்வொரு பத்தியையும் மாதம் ஒருமுறை அதோடு ஒப்பிடுங்கள். மொத்தம் 200 வந்த பிறகு கிராஸ் கன்ட்ரியில் இரண்டு மணி குறைகிறது என்று தெரிந்தால், அந்த இரண்டு மணிக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

லாக்புக், பறப்பு அனுமதிப் புத்தகம், விமானத்தின் டெக் லாக் மூன்றிலும் தேதியும் நேரமும் விமானப் பதிவெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிற்பாடு வேலைக்கு எடுக்கும்போது இதைத்தான் துருவுவார்கள். அடித்துத் திருத்தினால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, வெள்ளை மை கூடாது. பறக்காத நேரத்தை எழுதித் தருகிறோம் என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள், லைசென்ஸே போய்விடும்.

வரிசை இப்படி இருக்கட்டும். பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி போட்டிருந்தால் பயம் வேண்டாம், திருத்திய பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும். நிறப் பார்வையும் இதயத் துடிப்புப் பதிவும்தான் எதிர்பாராமல் இடிக்கும். எழுத்துத் தேர்வுகளை, குறைந்தது வானிலையும் நேவிகேஷனும், பறக்கத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். மழைக்காலம் வீணாகாது என்று அதுவரை ஒத்திப்போட்டுப் படிக்கிறவர்கள் உண்டு, ஆனால் விமானம் தயாராக இருக்கும் நாளில் தேர்வுக்கு விடுப்பு எடுப்பவர்களும் அவர்களேதான். இரட்டை எஞ்சினும் கருவித் தகுதியும் கடைசியில். கருவித் தகுதிக்குக் காலாவதி உண்டு, சீக்கிரம் வாங்கினால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடி காசு கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

---

ஹாங்கர் ஓரம் பதில்:

இரட்டை எஞ்சினைக் கடைசியில் வைப்பது சரி. ஆனால் பல பள்ளிகளில் அப்படி இருப்பது ஒரே ஒரு விமானம். அது நின்றால் கடைசி 15 மணிக்கு எல்லாரும் சேர்ந்து காத்திருப்பார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போகும்போது அதன் மீட்டரை முதலில் பாருங்கள்.