தாத்தா வீட்டுத் திண்ணை (குடும்பக் குழு)

குட்டி, 7:52
சித்தப்பா, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்கிறீர்களா? ஒருவருக்குச் சைக்கிள் பழுது. பின்னால் வந்த கார் நின்றது, மேலே கட்டியிருந்த வேறு சைக்கிளை இறக்கிக் கொடுத்தார்கள், ஏறிப் போயே விட்டார்!

சித்தப்பா, 7:54
பார்த்தேன். அது டூர்மலே, 2115 மீட்டர் உயரம். 1913இல் இதே மலை இறக்கத்தில் ஒருவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி நடந்தார். யூஜின் கிறிஸ்டோஃப்.

அம்மா, 7:55
சைக்கிள் இருக்கும்போது ஏன் தம்பி நடந்தார்?

சித்தப்பா, 7:59
முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்துவிட்டது அண்ணி. பந்தயம் பல நாள், பல கட்டம். அன்று பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர், எல்லாம் பிரனீஸ் மலை. பந்தயத்தையே வெல்லக்கூடிய நிலையில் இருந்தார். ஆனால் அந்தக் காலத்து விதி என்னவென்றால், பழுதை அவரவரே சரிசெய்ய வேண்டும், யாரும் கைகொடுக்கக் கூடாது. வேறு சைக்கிளும் கிடையாது. 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செந்த் மாரி த காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்தார்.

குட்டி, 8:00
கொல்லர் ஒட்டிக் கொடுத்தாரா?

சித்தப்பா, 8:02
தொடவே முடியாது! அதிகாரிகள் வாசலிலேயே நின்று கண்காணித்தார்கள். இவரே உலையில் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். நல்லவேளை, பூட்டுச் செய்யும் தொழில் பழகியவர். கிட்டத்தட்ட நாலு மணி நேரம் போயிற்று. அதற்கு மேல் 10 நிமிட அபராதம் வேறு.

அத்தை, 8:02
ஐயையோ, எதற்கு?

சித்தப்பா, 8:03
பட்டறைப் பையன் துருத்தி ஊதினான். அது "வெளியார் உதவி"யாம். 🙄 பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

மாமா, 8:11
மாப்பிள்ளை, அந்த அதிகாரி பட்டறைப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது. ஃபோர்க் உள்ளே கூடான குழாய். ஒரு கையில் குறடு, இன்னொரு கையில் சுத்தி. சூடு கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது, கூடினால் குழாயே உருகிப் போகும். துருத்தியை அவர் மூன்றாவது கையாலா ஊதுவார்?

அப்பா, 8:13
விதி என்றால் விதிதான் மச்சான். ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லாரும் கேட்பார்கள்.

மாமா, 8:14
நீங்கள் ஆடிட் ஆபீஸில் இருந்தவர், அப்படித்தான் சொல்வீர்கள் 😀

அம்மா, 8:15
அப்படியென்றால் தோற்றுவிட்டாரா?

சித்தப்பா, 8:20
ஏழாவது இடம் அண்ணி. பெல்ஜியத்தின் பிலிப் தீஸ் ஜெயித்தார். இன்னும் கேளுங்கள். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் கிறிஸ்டோஃப் மறுபடி வந்தார். முதலிடத்தில் இருப்பவர் தனியாகத் தெரிய மஞ்சள் சட்டை அந்த ஆண்டுதான் வந்தது, முதலில் போட்டவர் இவர். பந்தயம் நடத்திய பத்திரிகையின் தாள் மஞ்சள், அதனால் அந்த நிறம். முடிவுக்கு ஒரு கட்டம் முன்னால் மறுபடி ஃபோர்க் முறிந்தது!

அத்தை, 8:20
போதும், கேட்கவே வயிறு எரிகிறது.

சித்தப்பா, 8:22
மூன்றாவதாக வந்தார். கடைசிவரை டூரை வெல்லவே இல்லை. ஆனால் வாசகர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பட்டறை இருந்த அந்த ஊரில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது, கையில் ஃபோர்க்கோடு.

மாமா, 8:24
துருத்திப் பையனுக்கும் ஒன்று வைத்திருக்கலாம். டேய் குட்டி, உன் சைக்கிள் முன்பக்கம் ஆடுகிறது, போன வாரமே பார்த்தேன். நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டு வா.

குட்டி, 8:25
வருகிறேன் மாமா. ஆனால் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக்கூட மாட்டேன். அப்பா அபராதம் போடுவார்.