மறு: டெனன்ட்ஸ் இன் காமன் – தமிழில் எப்படிச் சொல்வது?

காரைக்குடி மாணவி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சட்டப்படிப்பில் முதலாண்டு நான். வெள்ளிக்கிழமை வகுப்பில் சொத்துரிமைச் சட்டத்தில் ஒரு தலைப்பை எடுத்துப் பேச வேண்டும். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் என்பதால் ஆளுக்கொரு தமிழ்க் குறிப்பு தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மாலைக்குள் நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில். ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, அவர் சொத்து பல வாரிசுகளுக்குச் சேர்ந்து வந்தால், அவர்கள் அதை 'டெனன்ட்ஸ் இன் காமன்' ஆகத்தான் எடுக்கிறார்கள், 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' ஆக அல்ல என்கிறது. கடையில் வாங்கிய வழிகாட்டியில் 'பொதுக் குத்தகைதாரர்', 'கூட்டுக் குத்தகைதாரர்' என்று போட்டிருக்கிறார்கள். அப்பா இறந்ததும் பிள்ளைகள் குத்தகைதாரர் ஆகிவிடுவார்களா? அப்புறம் யாருக்குக் குத்தகை அளப்பார்கள்? இரண்டு நல்ல சொல் கொடுங்கள்.

தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த வழிகாட்டியை மூடி வை. இங்கே டெனன்ட் என்றால் வாடகைக்கு இருப்பவர் இல்லை, நிலத்தைப் 'பிடித்திருப்பவர்'. இங்கிலாந்தில் நிலமெல்லாம் அரசருடையது, மற்றவர்கள் அவரிடமிருந்து பிடித்திருப்பவர்கள் என்ற பழங்கணக்கு அது. நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சொல் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

வேறுபாடு இவ்வளவுதான். ஜாயின்ட் என்றால் ஒருவர் போனால் அவர் பாத்தியம் மிச்சமிருப்பவருக்கே போகும், அவர் பிள்ளைகளுக்குப் போகாது. இன் காமன் என்றால் ஆளுக்கு இத்தனை பங்கு என்று கணக்கு உண்டு. விற்கலாம், உயில் எழுதலாம், செத்தால் வாரிசுக்குப் போகும். ஆனால் பங்கு எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் காட்ட முடியாது. 1896-இல் ஜோகேஸ்வர் நாராயண் தேவ் வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு நமக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்), பிரிபடாத குடும்பத்தின் கோபார்சனரியைத் தவிர, அதாவது பிறந்ததாலேயே குடும்பச் சொத்தில் பாத்தியம் வருபவர்களின் கூட்டைத் தவிர, ஜாயின்ட் டெனன்சி என்பது இந்துச் சட்டத்துக்குத் தெரியாத சங்கதி என்று சொல்லிவிட்டது. நாங்கள் மனுவில் இரண்டையும் 'கூட்டுப் பாத்தியஸ்தர்' என்றே எழுதித் தள்ளுகிறோம். அதனால் என்னிடம் சொல் கேட்காதே.

கண்டனூர்க்காரர் (சிங்கப்பூரிலிருந்து) எழுதியது:

இங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீடு வாங்கினால், இந்த இரண்டில் எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகையால் எனக்கு இது புத்தகச் சங்கதி இல்லை. நேராகவே போவோமே: ஜாயின்ட் 'கூட்டுடைமையர்', காமன் 'பொதுவுடைமையர்'.

தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

> காமன் 'பொதுவுடைமையர்'

அப்பா இறந்த மறுநாள் பிள்ளைகள் எல்லாரும் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதச் சொல்கிறீர்களா, அண்ணே?

பள்ளத்தூர் ஆச்சி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை) எழுதியது:

பாத்தியஸ்தர் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உரிமைக்குத் தமிழில் சொல் இல்லாமலா பாத்தியத்தைக் கட்டி அழுகிறோம்? 'கிழமை' இருக்கிறதே. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பள்ளியில் படித்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? சாத்தனது கை தற்கிழமை. கையைச் சாத்தனிடமிருந்து பிரித்து விற்க முடியாது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை. அதை விற்கலாம். எனக்கென்னவோ நீங்கள் சொல்லும் ஜாயின்ட் தற்கிழமை, இன் காமன் பிறிதின்கிழமை என்றே படுகிறது. உரியவன் கிழவன், உரியவள் கிழத்தி. ஆகவே கூட்டுக்கிழவர், கூறுகிழவர்.

காரைக்குடி மாணவி எழுதியது:

ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அவர் இறந்ததும் வாரிசுகள் அனைவரும் கூறுகிழவர் ஆகிறார்கள்' என்று நான் வாசித்தால் வகுப்பு அன்றைக்கு அதற்கு மேல் நடக்காது. வாரிசுகளில் என் வயதுப் பெண்ணும் இருப்பாள்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

நிலக்கிழார் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள், யாரும் சிரிக்கவில்லை. சரி, 'கிழார்' என்று வைத்துக்கொள். கூட்டுக்கிழார், கூறுகிழார். சொல் பழகினால் சிரிப்பு நின்றுவிடும்.

தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

சிரிப்பை விடுங்கள், ஆச்சி. ஜாயின்டும் பிரிக்கக்கூடியதுதான். இங்கிலாந்துச் சட்டத்தில் கூட்டாளிகளில் ஒருவர் தன் பாத்தியத்தை விற்றாலே அந்த அளவுக்குக் கூட்டு அறுந்து இன் காமன் ஆகிவிடும். சாத்தன் கை அப்படிக் கழன்று வராதே?

கோட்டையூர் பத்திர எழுத்தர் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருகிறேன். எனக்கு இலக்கணம் தெரியாது, பத்திரம் தெரியும்.

நம் பக்கத்து வீடுகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், புள்ளிக்கு (கல்யாணமான ஒரு ஜோடியின் குடும்பத்துக்கு) ஒன்றாக. கல்யாணமான மகனை வேறு வைக்கும்போது அறையும் தனி, அடுப்பும் தனி. தாத்தா காலத்துப் பூட்டு இன்னும் அதே கதவில் தொங்கும். இப்போது பேரன் சென்னையிலிருந்து வருகிறார். கிழக்கு வரிசையில் மூன்றாவது அறை எங்களுடையது, அதை விற்க வேண்டும், பத்திரம் போடுங்கள் என்கிறார். நீள அகலம் டேப் பிடித்து எழுதிக்கொண்டே வருகிறார்கள், ஐயா. மூலப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் பாகப்பிரிவினை என்று ஒன்று நடந்ததே இல்லை. ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். நான்கெல்லை முழு வீட்டுக்குத்தான் போட முடியும், அறைக்குப் போட முடியாது. இதை எடுத்துச் சொன்னால் சாவியை மேசை மேல் வைத்து, 'அப்ப இது யாரு சாவி?' என்று கேட்கிறார்கள்.

நாங்கள் எழுதுவது 'பொதுவில் பிரிபடாத ஆறில் ஒரு பங்கு பாத்தியம்'. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதற்கு அர்த்தம் கேட்டவர் யாரும் கிடையாது. அந்தத் தங்கச்சிக்கு 'பிரிபடாப் பங்குதாரர்' போதாதா?

தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

எழுத்தர் சொன்னதுதான் பாடமே. தங்கச்சி, குறிப்பில் இதையும் சேர்த்துக்கொள். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 44-ஆம் பிரிவு. கூட்டாக உள்ள சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்றால், வாங்கியவர் விற்றவரின் இடத்துக்கு வருகிறார். ஆனால் பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால், வீட்டுக்குள் வந்து சேர்ந்து அனுபவிக்கும் உரிமையை இந்தப் பிரிவு அவருக்குத் தராது. பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட வேண்டியதுதான். போட்டாலோ, 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். குடும்பத்துப் பங்குக்காரர் யாராவது 'நான் வாங்கிக்கொள்கிறேன்' என்று முன்வந்தால், நீதிமன்றம் விலை மதித்து அவருக்கே கொடுக்கச் சொல்லும். தேக்குத் தூணுக்கு ஆசைப்பட்டு ஒரு பங்கை வாங்கியவர் தூணைத் தொட முடியாமல் வாசலில் நிற்பது இதனால்தான்.

ஆக, அளவு தெரியும், இடம் தெரியாது. சொல்லில் இது வர வேண்டும்.

கண்டனூர்க்காரர் எழுதியது:

அப்படியானால் வாயில் புழங்கும் 'பங்காளி'யையே எடுத்துக்கொள்ளலாமே? பங்கை ஆள்பவர். இதைவிட என்ன வேண்டும்?

காரைக்குடி மாணவி எழுதியது:

நானும் அதைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன், அண்ணே. அப்புறம் முதல் வகுப்பு வாரிசுகளின் பட்டியலைப் பார்த்தேன். மகன், மகள், மனைவி, தாய் என்று போகிறது. நம் ஊரில் மனைவியையும் தாயையும் யார் பங்காளி என்பார்கள்? கல்யாணமான மகள் கணவர் வீட்டுப் புள்ளியில் சேர்ந்துவிடுகிறாள், கோயில் கணக்கும் அந்த வீட்டோடு போய்விடுகிறது. பங்காளி என்றதுமே வகுப்பில் எல்லாருக்கும் ஆண்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். தமிழ்நாட்டில் 25-3-1989 முதலே, அதற்கு முன் திருமணமான மகள்களைத் தவிர மற்றவர்களுக்குக் கோபார்சனர் உரிமை உண்டு. 2005-இல் மகளுக்கும் அந்த உரிமை தந்த மத்தியத் திருத்தம், 2020-இல் அது பிறப்பாலேயே வருவது என்ற உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு. இவ்வளவு வந்த பிறகு நானே அந்தச் சொல்லைப் போட்டு மகளை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கண்டனூர்க்காரர் எழுதியது:

மகளையும் பங்காளி என்று சொல்லத் தொடங்கினால் சொல்லே மாறிவிடும். ஊர் மாறும்வரை காத்திருந்தால் எந்தச் சொல்லும் கிடைக்காது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: 19-ஆம் பிரிவுக்கு அது பொருந்தாது. கோபார்சனருக்கு வைத்துக்கொள்வோம்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

பங்காளி வேண்டாமென்றால் 'தாயத்தார்' இருக்கிறது. தாய் வழி வந்தது தாயம். ஆதியில் சொத்து தாய் வழியே இறங்கியதற்கு இந்தச் சொல்லே சாட்சி. மகளை வெளியே நிறுத்துகிறது என்ற குறையும் இதற்குக் கிடையாது. தொல்காப்பியம் பொருளியலில் 'தாயத்தின் அடையா' என்றே வருகிறது.

கண்டனூர்க்காரர் எழுதியது:

ஆச்சி, தாயம் வடமொழியின் 'தாய' என்பதுதான், கொடு என்ற வேரிலிருந்து வந்தது. வங்காளத்தில் தாயபாகம் என்று ஒரு சட்ட மரபே இருக்கிறதே. தொல்காப்பியத்தில் இருப்பதாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது. வடசொல்லை எப்படி எடுத்தாள வேண்டும் என்று எச்சவியலில் விதி சொன்னதும் அதே நூல்தான்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஒலி ஒத்திருந்தால் உடனே வடக்கே தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள். தாய், தாயம், தாயாதி. இந்த வரிசையில் உங்களுக்கு எந்த இடத்தில் ஓட்டை தெரிகிறது?

கண்டனூர்க்காரர் எழுதியது:

கடைசிச் சொல்லில். தாயாதி, பங்குக்கு உரியவன் என்ற பொருளில் வரும் வடமொழி 'தாயாத' என்பதன் திரிபு. உங்கள் வழியில் போனால் சோழி உருட்டி ஆடும் தாயத்துக்கும் தாயையே கூப்பிட வேண்டும்.

குழு நடத்துநர் எழுதியது:

இரண்டு பேரும் தாயம் உருட்டியது போதும். நாளை வியாழன். பிள்ளை கேட்டது இரண்டு சொல். முன்மொழிந்தவை: கூட்டுக்கிழார்/கூறுகிழார், பிரிபடாப் பங்குதாரர், பங்காளி, தாயத்தார். என் பங்குக்கு ஒன்று: ஜாயின்டுக்குக் 'கூட்டுரிமையர்', இன் காமனுக்குப் 'பங்குரிமையர்'. கூட்டுரிமையில் ஆள் போனால் கூட்டுக்கு, பங்குரிமையில் ஆள் போனால் வாரிசுக்கு. ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

ஆமாம். ஆனால் பங்குரிமையர் என்றால் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இடம் தெரியாது என்பதும் சொல்லில் வரவில்லை.

கண்டனூர்க்காரர் எழுதியது:

ஆமாம். தூக்கம் வருகிறது, இங்கே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

இல்லை. உரிமையைக் குறை சொல்லவில்லை, நல்ல சொல்தான். ஆனால் வாக்குச் சீட்டில் தொடங்கி வாடகை வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுப் போட்டுச் சாயம் போய்விட்டது. கூறுகிழார் என்று கேட்டால் ஒரு நிமிஷமாவது நின்று யோசிப்பார்கள்.

காரைக்குடி மாணவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். கூட்டுரிமையர், பங்குரிமையர் என்றே போட்டிருக்கிறேன். வழக்கறிஞர் அண்ணன் சொன்ன குறைக்காக முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பிரிபடாப் பங்குரிமையர்' என்று முழுசாக எழுதி, எழுத்தர் ஐயா சொன்ன அறைச் சாவியை எடுத்துக்காட்டாக வைத்துவிட்டேன். ஆச்சி, கூறுகிழார் அடிக்குறிப்பில் இருக்கிறது. கோபார்சனருக்கு இன்னும் சொல் இல்லை. அதை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டிருக்கிறேன்.

கோட்டையூர் பத்திர எழுத்தர் எழுதியது:

நல்லது தங்கச்சி. ஆனால் பத்திரத்தில் நான் பாத்தியம் என்றுதான் எழுதுவேன். உரிமை என்று மாற்றிப் போட்டால் கட்சிக்காரர் 'ஏதோ விட்டுப்போச்சே' என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

அடிக்குறிப்பு எத்தனை புள்ளி எழுத்தில்?