தண்டனை முதலில், குற்றம் பிறகா? மீறிய பெண்களின் கதைகள் குறித்து ஒரு கேள்வி

நீலவரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். புராணங்களிலும் வரலாற்றிலும் அடங்காதவர்கள் என்று பெயர் பெற்ற பெண்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே போகிறது. நூல்களை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒருத்தி பிழை செய்தாள், அதற்காகத் தண்டிக்கப்பட்டாள் என்ற வரிசையில்தான் இக்கதைகளைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் ஒரே கதையின் பழைய வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பல இடங்களில் தண்டனை முன்பே இருக்கிறது; குற்றம் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தல் அரக்கியாகப் பெயர் பெற்ற மெதூசாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கக் கவி ஹெசியோட் பாடியதில் அவள் கொர்கன் சகோதரியர் மூவருள் சாவு உடைய ஒருத்தி. கடற்கடவுள் பூக்கள் நிறைந்த புல்வெளியில் அவளோடு கூடினான், பெர்சியுஸ் அவள் தலையைக் கொய்தான், அவ்வளவுதான். அவள் செய்த பிழை என்று ஒரு சொல்லும் அங்கே கிடையாது. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவி ஓவிட் பாடும்போதுதான் அவள் அழகிய கூந்தல் உடையவளாக இருந்தாள் என்பதும், மினர்வாவின் கோயிலுக்குள்ளேயே கடற்கடவுள் அவளைக் கெடுத்தான் என்பதும், கோயில் தீட்டுப்பட்டதற்காகத் தேவி அவளது கூந்தலைப் பாம்புகளாக மாற்றினாள் என்பதும் வருகின்றன. கெடுத்தவனுக்கு அதில் எந்தத் தண்டனையும் சொல்லப்படவில்லை.

யூத மரபின் லிலித்தும் இப்படித்தான். விவிலியத்தின் ஏசாயா நூலில் பாழ்நிலத்தில் தங்கும் ஒன்றாக அந்தப் பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. யூதர்களின் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்முதில் அவள் நீண்ட கூந்தலுடைய இரவுப் பேய். ஆதாமின் முதல் மனைவி அவளே என்றும், இருவரும் ஒரே மண்ணிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்பதால் அவனுக்குக் கீழே படுக்க மாட்டேன் என்று மறுத்துப் பறந்து போனாள் என்றும், திரும்பி வராததற்காக அவளுடைய பிள்ளைகளில் நூறு பேர் நாள்தோறும் இறக்க வேண்டியதாயிற்று என்றும் சொல்வது இடைக்காலத்து நூல் ஒன்று. பேய் முன்பே இருந்தாள். அவள் ஏன் பேயானாள் என்று பின்னால் யாரோ கேட்டிருக்க வேண்டும். அதற்கு விடையாக ஒரு பெண்ணின் மறுப்புதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் அகலிகை கதையிலும் கல்லாகிக் கிடக்கும் தண்டனை மாறாமல் இருக்க, அவள் அறிந்து செய்தாளா, அறியாமல் செய்தாளா என்பது மட்டும் நூலுக்கு நூல் மாறுகிறது. இந்தப் போக்கு பொதுவானதா, அல்லது நான் எனக்கு வசதியான கதைகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறேனா? வரலாற்றில் நடந்த வழக்குகளிலும் இதைக் காண முடியுமா?

சுவடிநேயன் மறுமொழி:

நண்பர் நீலவரைக்கு வணக்கம். மெதூசா, லிலித் பற்றி நீங்கள் சொன்னவை சரி. அகலிகையில்தான் ஒரு திருத்தம் தேவை. அத்திருத்தம் உங்கள் கேள்வியை இன்னும் ஆழமாக்கும் என்று நினைக்கிறேன்.

வான்மீகியின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாகவில்லை. வந்திருப்பவன் முனிவரின் வேடத்தில் உள்ள இந்திரன் என்று அவளுக்குத் தெரியும்; தேவர்களின் அரசன் மீது கொண்ட ஆவலால் இசைகிறாள். கௌதமர் இட்ட சாபம், எவர் கண்ணுக்கும் தெரியாமல், காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து அதே ஆசிரமத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிக்க வேண்டும் என்பது. அதே இராமாயணத்தின் உத்தரகாண்டத்திலோ, அவன் உம்முடைய உருவில் வந்ததால் அறியாமல் நேர்ந்தது என்று அவள் முறையிடுகிறாள். கம்பனிடம் வரும்போது அவள் முதலில் அறியவில்லை, இடையில் உணர்கிறாள், உணர்ந்த பிறகும் தகாது என்று விலகாமல் இருந்துவிடுகிறாள். கல்லாகும் சாபம் கம்பனில் இருக்கிறது. ஆகவே குற்றம் மட்டுமன்றித் தண்டனையும் மாறியிருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதும் கல்லாய்க் கிடப்பதும் எதைப் பறிக்கின்றன என்று பாருங்கள். இரண்டிலும் அவள் பேச முடியாது, தன் தரப்பை எவரிடமும் சொல்ல முடியாது. இந்திரனுக்கும் தண்டனை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வான்மீகியில் அவன் விதைகளை இழக்கிறான், ஆட்டின் விதைகள் பொருத்தப்படுகின்றன. கம்பனில் உடலெங்கும் ஆயிரம் பெண்குறிகள் தோன்றிப் பின் ஆயிரம் கண்களாகின்றன. அவனுக்கு வந்த இழிவு விரைவிலேயே அவனுடைய அடையாளமாகவும் பெருமையாகவும் மாறிவிடுகிறது. அவள் இராமன் வரும்வரை காத்திருக்கிறாள்.

பறிக்கப்படுவது எது என்ற இந்தக் கண்கொண்டு பார்த்தால் சூர்ப்பணகை கதையும் தெளிவாகும். அவள் தன் விருப்பத்தைத் தானே வாய்திறந்து சொன்னவள். வான்மீகியில் இராமன் தான் மணமானவன் என்று கூறி அவளைத் தம்பியிடம் அனுப்புகிறான். தம்பி தான் அடிமை செய்பவன் என்று கூறி அவளை அண்ணனிடமே திருப்பி அனுப்புகிறான். இருவரும் விளையாட்டாகப் பேசுகிறார்கள் என்பது அவளுக்குப் புரியவில்லை. அதன் பிறகு அவள் சீதை மீது பாய்கிறாள், இலக்குவன் மூக்கையும் காதுகளையும் அறுக்கிறான். அவள் பாய்ந்தாள் என்பதை ஒதுக்கிவிட்டு இக்கதையைப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் பாய்ச்சலைத் தடுக்க அவள் கையைப் பிடித்திருக்கலாம், விரட்டியிருக்கலாம். முகத்தைச் சிதைக்கத் தேவையில்லை. கம்பனில் மூக்கு, காதுகளோடு முலைக்காம்புகளும் அறுபடுகின்றன. கம்பனின் சூர்ப்பணகை பேரழகியாய் நடந்து வருகிறாள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். அழகு கூடிய வடிவத்தில் சிதைவும் கூடியிருக்கிறது.

தாடகை பற்றி ஒரே ஒரு வரி. இலங்கைப் போருக்கு முன்பே பெண்ணைக் கொல்வது பற்றிய தயக்கமும், அதை நீக்கும் விசுவாமித்திரரின் வாதமும் அங்கே இடம்பெற்றுவிட்டன. அவள் இயக்கி என்பதும், கணவன் சுந்தன் அகத்தியரால் மாண்டதால் அவள் அவர் மீது பாய்ந்தாள் என்பதும், அதற்குக் கிடைத்த சாபமே அவளது அரக்கி உருவம் என்பதும் எத்தனை பேர் நினைவில் நிற்கின்றன?

முகில்விழி மறுமொழி:

வரலாற்று வழக்குகளில் நீலவரை கேட்டதை இன்னும் வெளிப்படையாகக் காணலாம், ஏனென்றால் அங்கே எழுத்தர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்னை மிகவும் உலுக்கியது ஆன் ஹட்சின்சன் வழக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் வாழ்ந்த அவர், தம் வீட்டில் கூட்டம் கூட்டிப் போதகர்களின் பிரசங்கங்களை விளக்கி வந்தார். முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்களும் வரத் தொடங்கினார்கள். 1637-இல் ஆளுநர் ஜான் வின்திராப் தலைமையில் விசாரணை நடந்தது. தம் மீதான குற்றம் என்னவென்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நாடு கடத்தும் தீர்ப்பு சொல்லப்பட்டபோதும், எதற்காக வெளியேற்றப்படுகிறேன் என்று அறிய விரும்புவதாகக் கூறினார். இனிப் பேச வேண்டாம், ஏன் என்பது மன்றத்துக்குத் தெரியும், அதில் மன்றம் நிறைவுகொண்டிருக்கிறது என்பதே ஆளுநரின் பதில். 1643-இல் அவரும் குடும்பத்தில் பலரும் டச்சுக் குடியேற்றப் பகுதியில் தாக்குதலில் கொல்லப்பட்டபோது, மாசசூசெட்ஸ் தலைவர்கள் அதைக் கடவுளின் தீர்ப்பாக எழுதிக்கொண்டார்கள். அந்தத் தண்டனையை ஆளுநர் ஒருவர் மன்னித்து நீக்கியது 1987-இல்.

பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயருக்கு எதிராக நடத்திய ஜோன் ஆஃப் ஆர்க்கின் வழக்கில் குற்றச்சாட்டுகள் எழுபது என்று தொடங்கிப் பன்னிரண்டாகச் சுருங்கின. எழுத வாசிக்கத் தெரியாத, ஏறத்தாழ 19 வயதுப் பெண்ணிடம் இறையியல் அறிஞர்கள் மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். 1431 மே 24 அன்று அச்சத்தில் அவள் பணிந்து கையொப்பமிட்டாள். உடனே எரிக்க முடியாமல் போயிற்று. சில நாட்களில் சிறையில் மீண்டும் ஆண் உடை அணிந்தாள் என்பதே அவள் பழைய பிழைக்குத் திரும்பிவிட்டதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. மே 30 அன்று ரூவான் நகரச் சந்தையில் எரித்தார்கள். தரிசனம், அசரீரி, திருச்சபைக்குக் கீழ்ப்படியாமை என்று தொடங்கியது ஓர் உடையில் போய் நின்றது. 1456-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920-இல் அதே திருச்சபை அவளைப் புனிதராக அறிவித்தது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து எழுத்தாளர் ஓலாம்ப் டி கூஜ் பெண்களின் உரிமைகளைப் பட்டியலிட்டு 1791-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு இருக்கும்போது பேச்சுமேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. 1793 நவம்பர் 3 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. சட்டப்படி குற்றம் வேறு: நாட்டின் ஆட்சிமுறையை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு சுவரொட்டி எழுதியது. ஆனால் அவர் இறந்த சில நாட்களில் ஒரு செய்தித்தாள், தன் பாலினத்துக்குரிய நற்குணங்களை மறந்ததற்காகச் சட்டம் அவரைத் தண்டித்தது என்ற பொருளில் எழுதியது. தீர்ப்பில் எழுதப்படாத குற்றத்தை அந்தத் தாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டது.

பேச்சைப் பறிப்பது பற்றிச் சுவடிநேயன் சொன்னது கதையோடு முடியவில்லை. 16-ஆம் நூற்றாண்டு முதல் ஸ்காட்லாந்திலும் பிறகு இங்கிலாந்திலும் வாயாடி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணின் தலையில் ஓர் இரும்புக் கூண்டைப் பூட்டினார்கள். அதிலிருந்து நீளும் தகடு அவள் நாக்கை அழுத்தும். அந்தக் கோலத்தில் அவளைத் தெருவில் நடத்திச் செல்வார்கள். ஓயாமல் சண்டையிடும் பெண் என்பதற்கான தனிக் குற்றம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1967-இல்தான்.

தேரோட்டி மறுமொழி:

இழை நன்றாகப் போகிறது. இருந்தாலும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. மீறும் பெண் என்றாலே தண்டனை என்று நிறுவிவிட்டால் கண்ணகியை எங்கே வைப்பீர்கள்? அரசவைக்குள் தனியாகச் சென்று, மன்னனைத் ‘தேரா மன்னா’ என்று விளித்து, சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டி, அரசனின் தீர்ப்பு பிழை என நிறுவியவள் அவள். அரசன் அங்கேயே உயிர்விடுகிறான். அதன் பின் ஊரையே எரிக்கிறாள். அவளை எவரும் தண்டிக்கவில்லை. கோயில் கட்டி வழிபட்டார்கள்.

ஐரோப்பாவின் சூனிய வழக்குகளையும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 15 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள் என்பது உண்மை. ஆயினும் ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 5 பேர் ஆண்கள். குற்றம் சாட்டியவர்களில் பெண்களும் சிறுமிகளும் இருந்தார்கள். இறந்தவர்கள் எல்லாரும் மீறியவர்களும் அல்லர். பலர் ஏழைகள், துணையற்றவர்கள், அண்டைவீட்டாரோடு பகை கொண்டவர்கள், எந்த எதிர்ப்பும் காட்டாமல் அகப்பட்டுக்கொண்டவர்கள். அவர்களை எல்லாம் போராளிகளாக்குவது அவர்கள் மீது இன்னொரு கதையை ஏற்றுவதாகும்.

நீலவரை மறுமொழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அகலிகை பற்றி நான் எழுதியது பிழை, ஏற்கிறேன். சூனிய வழக்குகள் பற்றித் தேரோட்டி சொன்னதும் மிகச் சரி. அவர்களுக்கு அவர்களுடைய எளிய வாழ்க்கையைத் திருப்பித் தருவதே முதல் மரியாதை. அந்த வழக்குகளிலும் என் கேள்விக்கு ஒரு சான்று உண்டு. சுவிட்சர்லாந்தின் கிளாருசில் 1782-இல் தலை வெட்டப்பட்ட பணிப்பெண் அன்னா கோல்டியைச் சூனியக்காரி என்றே விசாரித்தார்கள். தீர்ப்பில் அந்தச் சொல்லைத் தவிர்த்து நஞ்சிட்டாள் என்று எழுதினார்கள். குற்றத்தின் பெயர் மாறியும் அவள் உயிர் தப்பவில்லை. 2008-இல் அந்த மாநிலப் பேரவை அவளைக் குற்றமற்றவள் என அறிவித்தது.

கண்ணகியைப் பற்றி நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். அவள் சினம் கணவனுக்காக எழுந்தது. கிரேக்க நாடகத்தில் மன்னன் கிரயோனின் தடையை எதிர்த்து அண்ணன் உடலைப் புதைத்த அந்திகோனேயும் குடும்பத்து ஆணுக்காகவே எழுந்தாள். அவளைக் குகையில் உயிரோடு அடைத்தார்கள் என்றாலும் நாடகம் அவள் பக்கமே நிற்கிறது. குண்டலகேசி தன் உயிருக்காக எழுந்தவள். மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தன்னைக் கொல்ல வந்த கணவனை முந்திக்கொண்டு தள்ளிவிட்டவள். அவளுக்குக் கோயில் இல்லை. அவள் காப்பியத்தில் சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அது பௌத்த நூல்கள் பலவற்றுக்கும் நேர்ந்த கதி என்பதால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காக எழுந்தாள் என்பதைப் பொறுத்தே ஒருத்தியின் மீறல் கற்பாகவோ பழியாகவோ எண்ணப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முகில்விழி மறுமொழி:

அதற்கு மிக அருகில் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். கேரளத்து நம்பூதிரிக் குடும்பங்களில் அக்காலத்தில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின் மீது ஐயம் எழுந்தால் ஸ்மார்த்த விசாரம் என்ற விசாரணை நடத்துவார்கள். விசாரணை தொடங்கியதும் அவளைத் தனியே அடைத்துவிடுவார்கள். அதன் பின் அவளை அவள் பெயரால் குறிக்க மாட்டார்கள், ‘சாதனம்’, அதாவது பொருள் என்றே குறிப்பார்கள். தீர்ப்புக்கு முன்பே அவள் ஆளாக இல்லாமல் போய்விடுகிறாள். 1905-இல் குறியேடத்துத் தாத்ரி அப்படி விசாரிக்கப்பட்டபோது, தன்னோடு உறவு கொண்டவர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களை அடையாளங்களோடு சொன்னாள். அவர்களும் சாதி விலக்கு செய்யப்பட்டார்கள். பொருள் என்று அழைக்கப்பட்டவளின் சொல்லைச் சான்றாக ஏற்க வேண்டிய நிலைக்கு அந்த மன்றம் வந்து நின்றது.